பிடிப்பும் விடுப்பும்

மோட்டார்சைக்கிள் பட்டறைகளில் வழங்கும் தமிழில் ‘பிடி’ என்னும் வினை இரண்டு எதிர்நிலைகளில் நிற்கிறது. ‘பிரேக் நன்றாகப் பிடிக்கிறது’ என்றால் அது பாராட்டு. ‘பிரேக் பிடித்துவிட்டது’ என்றால் அது முறையீடு. முதல் தொடரில் வினை, தேவைப்படும்போதெல்லாம் நிகழ்ந்து முடியும் ஒரு செயலைக் குறிக்கிறது. இரண்டாவதில் ‘விடு’ என்னும் துணைவினை சேர்ந்து, செயல் முற்றிப்போயிற்று, எளிதில் மீளாது என்னும் பொருளைத் தருகிறது. தனிவினையாக நிற்கும்போது கையை எடுத்தலைக் குறிக்கும் அதே ‘விடு’, இங்கே கையை எடுக்க மறுக்கும் ஒரு நிலையைச் சொல்வதற்குத் துணையாக வருகிறது. இலக்கண வகுப்பில் இதைத் துணைவினைக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கடந்து போகலாம். ஆனால் மழையில் நனைந்த சாலையில், முன்சக்கரம் தானாக இறுகிக்கொண்ட வண்டியின்மேல் அமர்ந்திருப்பவருக்கு இரண்டு தொடர்களுக்கும் இடையிலுள்ள தொலைவு உயிர் சார்ந்தது.

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளத்தின் வழியே கிழக்கு நோக்கி நடந்தால் ஆரியசாலையும் வலியசாலையும் வரும். இப்பெயர்களில் உள்ள ‘சாலை’ வெறும் வழியைக் குறிப்பதன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை என்னும் பழைய கல்வி நிலையத்தை வலியசாலையிலுள்ள மகாதேவர் கோயிலோடு இணைத்துப் பார்க்கும் மரபு உண்டு. அக்கிரகார வீடுகளும் தமிழ் வணிகர்களின் கடைகளும் நெருங்கி நிற்கும் இப்பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம்மாறிக்கொள்கின்றன. இங்கே ‘ஆசான்’ என்னும் சொல் களரிக்கும் பள்ளிக்கும் மட்டும் உரியதன்று. ஸ்பேனர் பிடித்துத் தொழில் கற்றுக்கொடுப்பவரும் ஆசான்தான்.

அத்தகைய ஆசான் ஒருவரின் பட்டறை வலியசாலையின் ஒரு சந்தில் இருக்கிறது. கல்குளம் தாலுகாவிலிருந்து இளமையில் வந்தவர். வயது அறுபதைத் தாண்டியவர். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் அதன் அண்டைத் தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின்பும், அவ்வூர்க்காரர்கள் பிழைப்புத் தேடித் திருவனந்தபுரத்துக்கு வருவது நிற்கவில்லை. அவருடைய பேச்சில் அந்த மண்ணின் தமிழ் இன்னும் கலையாமல் இருக்கிறது. அவருடைய இடக்கைச் சுட்டுவிரலில் மட்டும் நகக்கணு இல்லை.

சென்ற துலாவர்ஷக் காலத்தில் அந்தப் பட்டறைக்கு ஒரு வண்டி தள்ளிக்கொண்டு வரப்பட்டது. வண்டி, என்ஃபீல்டு ப்யூரி 175. இன்றைய மாணவர் பலருக்கு இப்பெயர் அறிமுகமாகியிராது. 1955இல் சென்னையில் புல்லட் தயாரிப்பைத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், 1980களில் ஜெர்மனியின் சுண்டாப் நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவிச் சில சிறு வண்டிகளைச் செய்தது. ப்யூரி அவற்றுள் ஒன்று. இரண்டு வீச்சு எஞ்சின், ஐந்து கியர், முன்சக்கரத்தில் இத்தாலியப் பிரெம்போ நிறுவனத்தின் டிஸ்க் பிரேக். ஜப்பானின் ஹோண்டா 1969இலேயே சிபி 750 வண்டியில் டிஸ்க் பிரேக்கைப் பெருமளவில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் இந்தியச் சாலைகளில் அப்போதும் டிரம் பிரேக்கே ஆட்சி செய்தது. 1917இல் நியூரம்பர்க்கில் தோன்றிய சுண்டாப் நிறுவனம் 1984இல் மூடப்பட்டது. ப்யூரியும் இங்கே நீண்டநாள் நிலைக்கவில்லை. இதன் பொருள் எளியது: இன்று அந்தக் காலிப்பர் உடைந்தால், கடையில் போய் வேறொன்று கேட்க முடியாது.

வண்டியைத் தள்ளி வந்தவர் முப்பதைக் கடந்த ஒரு பெண், வங்கியில் பணிபுரிபவர். வண்டி அவருடைய சித்தப்பாவினுடையது. அவர் மறைந்தபின் எட்டு ஆண்டுகள் வீட்டு நடையில் பழைய வேட்டி போர்த்திக் கிடந்தது. கார்புரேட்டரைக் கழுவி, புதிய ஸ்பார்க் பிளக் போட்டதும் எஞ்சின் கிளம்பிவிட்டது. கிளம்பிய மகிழ்ச்சியில் பிரேக்கை யாரும் பார்க்கவில்லை. அழுத்தினால் நின்றது, அதுவே போதும் என்றிருந்தது. ஒரு மாலைத் தூறலில் கரமனை நோக்கிப் போகையில், லீவரைத் தொடாமலே வண்டி தளரத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் கத்தியதேயன்றி வேகம் கூடவில்லை. ஓரத்தில் நிறுத்திப் பார்த்தபோது, டிஸ்க்கின்மேல் விழுந்த மழைத்துளிகள் ‘சுர்’ரென்று ஆவியாயின. இன்னும் சற்றுத் தூரம் போயிருந்தால், பின்னால் பேருந்து நெருங்கும் ஒரு நொடியில் சக்கரம் முற்றிலும் பூட்டிக்கொண்டிருக்கலாம்.

“சித்தப்பா வண்டியில பிரேக் ரொம்ப நன்னாப் பிடிக்கும்னு சொல்வார், ஆசானே. இப்ப விடவே மாட்டேங்கறது.”

“பிடிக்கது பாதி வேலை மக்களே. விடுகதுதான் மிச்சப் பாதி” என்றார் அவர்.

இக்கூற்றைப் புரிந்துகொள்ள, டிஸ்க் பிரேக் எவ்வாறு விடுகிறது என்பதை அறிய வேண்டும். லீவரை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறு பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் வகுத்த விதிப்படி, அந்த அழுத்தம் காலிப்பரின் பெரிய பிஸ்டனை வந்தடைகிறது. சிறு பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ., பெரியதன் விட்டம் 36 மி.மீ. என்று கொண்டால், விசை 9 மடங்காகிறது. பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. இதுவரை எல்லாரும் அறிந்தது.

விடுவது எப்படி? டிரம் பிரேக்கில் பட்டைகளைத் திரும்ப இழுப்பதற்கென்றே சுருள்வில் உண்டு. காலிப்பர் பிஸ்டனைத் திரும்ப இழுக்க அத்தகைய வில் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி, ஒரு பள்ளத்துக்குள் அமர்ந்திருக்கும் சதுர வெட்டுமுகமுள்ள ரப்பர் சீல் ஒன்றுதான் அந்த வேலையையும் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது சீலின் உள்விளிம்பு அதனோடு ஒட்டி வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் அளவுக்குப் பின்னே இழுக்கிறது. பார்வைக்குத் தெரியாத அந்த இடைவெளியில்தான் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. பல நூறு கிலோ விசையை நிறுத்தி வைக்கும் ஒரு கருவி, விடுவதற்கு நம்பியிருப்பது ஒரு ரப்பர் வளையத்தின் நினைவை.

அந்த நினைவைக் கெடுப்பது தண்ணீர். பட்டறைத் தமிழில் ‘பிரேக் ஆயில்’ எனப்படுவது உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது இடைவிடாமல் உறிஞ்சும். டாட் 3 தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் திருவனந்தபுரத்தில், எட்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்த திரவத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நீர் எஃகுப் பிஸ்டனின் குரோம் பூச்சுக்கு அடியில் துருவை வளர்க்கிறது. அலுமினியப் பள்ளத்தில் வெண்ணிற உப்பைப் படிய வைக்கிறது. உப்பு பருக்கப் பருக்க, சீலுக்குப் பின்னால் இடம் குறைகிறது. சீல் பிஸ்டனை நெரிக்கிறது. வளைந்து மீள வேண்டிய ரப்பர், வளையவே இடமின்றிப் போகிறது.

இதில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. விடாத பிரேக் உரசிக்கொண்டே இருப்பதால் டிஸ்க் சூடேறும். சூடு பேட் வழியாகத் திரவத்துக்கு ஏறும். நீர் கலந்த திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஆவி அமுங்கக் கூடியது. அப்போது லீவரை எவ்வளவு அழுத்தினாலும் அது குமிழ்களை மட்டுமே அமுக்கும். பிஸ்டனுக்கு விசை போகாது. ஆக, விடாத பிரேக்கே சற்று நேரத்தில் பிடிக்காத பிரேக்காகவும் ஆகக்கூடும். இரண்டுக்கும் மூலம் ஒன்று.

‘ஆயில்’ என்னும் பெயரும் தன் பங்குக்குக் கேடு செய்திருக்கிறது. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ, கழுவுவதற்கு மண்ணெண்ணெயையோ பயன்படுத்தினால், பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் உப்பிக் கெட்டுவிடும். ஒரு பொருளுக்குப் பிழையான பெயர் வழங்குவது சொல்லாராய்ச்சியோடு நின்றுபோகும் செய்தி அன்று.

ஆசான் முதலில் காலிப்பரைக் கழற்றவில்லை. அடியிலுள்ள நிப்பிளைச் சிறிது திறக்கச் சொன்னார். குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ அழுத்தம் தங்கிப்போய்ப் பிரேக் இறுகியிருந்தால், நிப்பிளைத் திறந்ததும் திரவம் பீறிட்டு, சக்கரம் விடுபடும். திரவம் தேநீர் நிறத்தில் சொட்டியது. சக்கரம் இறுகியே இருந்தது. குற்றம் பிஸ்டனில்தான் என்பது உறுதியாயிற்று.

அடுத்து, ஹோஸ் இணைப்பைப் பிரிக்காமலே காலிப்பரை டிஸ்க்கிலிருந்து கழற்றி, பேட்களை எடுத்தார்கள். சிக்கிய பிஸ்டனை வெளியே தள்ளுவதற்கு உகந்த கருவி பிரேக்கேதான். தள்ளுவதற்காகவே அது படைக்கப்பட்டது. இணைப்பை முதலிலேயே பிரித்துவிடுபவர்கள் அந்த உதவியை இழந்துவிடுகிறார்கள். லீவரை மெதுவாக அழுத்தியபோது பிஸ்டன் ஒரு நூலளவு நகர்ந்து நின்றது. பிறகு லீவர் கல்லானது.

“ப்ளையரால பிடிச்சுத் திருகலாமா?” என்று அவர் கேட்டார்.

“தொடப்பிடாது. அதுக்க மேலுள்ள மினுக்கத்துல ஒரு கீறல் விழுந்தா, அந்தக் கீறல் சீலை அறுக்கும். பொறவு வாழ்நாள் முழுக்க ஒழுகும்.”

வெந்நீர் வந்தது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 36 மி.மீ. துளையையும் அதனுள் இருக்கும் பிஸ்டனையும் 70 டிகிரி சூடேற்றினால், இரண்டுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கூடுதல் இடம் கிடைக்கும். அற்பமாகத் தோன்றும் அந்த அளவே பல வேளைகளில் போதும். காலிப்பரைத் துணியால் சுற்றி வெந்நீர் ஊற்றி, லீவரை அழுத்தி, ஆறவிட்டு, மீண்டும் ஊற்றினார்கள். நெருப்பைக் காட்டலாம் என்று பக்கத்துக் கடைப் பையன் சொன்னதை ஆசான் கையசைத்து மறுத்தார். உள்ளே அடைபட்ட திரவம் கொதித்தால் அது எங்கே வெடித்து வெளியேறும் என்று யாரும் சொல்ல முடியாது. மாலையில் லீவரை அழுத்திய நிலையில் பழைய டியூப் துண்டால் கட்டி வைத்தார்கள். இரவு முழுதும் அழுத்தம் பிஸ்டனின் முதுகில் இருந்தது. காலையில் அது மயிரிழையும் நகர்ந்திருக்கவில்லை.

பட்டறையின் மூலையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருந்தது. காலிப்பரின் துளையில் காற்றுக்குழாயை வைத்துப் பிஸ்டனைத் தள்ளுவது எங்கும் காணக்கூடிய வழக்கம். அந்தப் பெண்ணின் பார்வை அங்கே போனதைக் கண்ட ஆசான், தம் இடக்கையை உயர்த்திக் காட்டினார். வேறோர் ஊரில், தொழில் பழகிய நாளில், ஓர் அவசர வேலையில், காற்றடித்த நொடியில் பிஸ்டன் எதிரே இருந்த விரலைக் காலிப்பரோடு சேர்த்து அடித்தது.

“காத்து வசப்படாத சாதனம் மக்களே. அமுக்கினா அமுங்கிக் கெடக்கும். வழி கெடச்சா மொத்தமாப் பாயும். வெள்ளமும் கிரீசும் அப்படி இல்ல.”

அவர் சொன்னதை எண்களில் வைத்துப் பார்க்கலாம். பட்டறைக் கம்ப்ரசர் தரும் அழுத்தம் சுமார் 8 பார். 36 மி.மீ. பிஸ்டனில் அது ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு நிகரான விசை. கையால் இயக்கும் கிரீஸ் கன் 200 பாரை எளிதில் தரும். அதே பிஸ்டனில் அது 2 டன்னுக்கு மேல். ஆயினும் ஆபத்து மிகுந்தது 80 கிலோதான். காற்று அமுங்கி ஆற்றலைச் சேமித்து வைக்கும். பிஸ்டன் இளகிய கணத்தில் அவ்வளவையும் ஒரேயடியாக விரித்து விடும். கிரீஸ் ஏறத்தாழ அமுங்குவதில்லை. பிஸ்டன் ஒரு நூல் நகர்ந்தால் அழுத்தம் அந்த நூலிலேயே செத்துவிடும். மீண்டும் நகர்த்த மீண்டும் கைப்பிடியை அடிக்க வேண்டும். எவ்வளவு விசை என்பதைவிட, அது எப்படி முடிகிறது என்பதே விரலைக் காக்கிறது.

சாலைக் கம்போளத்தின் பக்கம் லேத் வைத்திருப்பவர் ஒருவர், ஒரு முனையில் ஹோஸ் துளையின் மரையும் மறுமுனையில் கிரீஸ் நிப்பிளும் பொருந்தும் சிறு பித்தளைத் துண்டைக் கடைந்து கொடுத்தார். காற்றெடுக்கும் நிப்பிளை இறுக்கி மூடினார்கள். பிஸ்டன் மிகையாக வெளிவராதபடி எதிரே ஒரு மரத்துண்டு வைக்கப்பட்டது. இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரானால், அசையக்கூடியதைக் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டுத்தான் அசையாததைத் தள்ள வேண்டும். இல்லையெனில் எளியது ஓடிவிடும், இறுகியது அப்படியே இருக்கும்.

கிரீஸ் கன்னின் கைப்பிடியை ஆசான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

“நீங்களே பண்ணுங்கோ ஆசானே, எனக்குக் கை நடுங்கறது.”

“எனக்க கையி இன்னும் எத்தன கொல்லத்துக்கு? வண்டி ஒனக்க கிட்டல்லா இருக்கப்போவுது. அடி.”

முதல் ஐந்தாறு அடிகளுக்குக் கைப்பிடி இலேசாக இருந்தது. உள்ளே வெற்றிடம் நிறைந்துகொண்டிருந்தது. பிறகு கனத்தது. அவர் உடலின் எடையைச் சாய்த்து அழுத்தியபோது ஒன்றும் நிகழவில்லை. ஆசான், அழுத்தியபடி நிற்கச் சொன்னார். மேலும் அடிக்கச் சொல்லவில்லை. அரை நிமிடம் சென்றிருக்கும். விரலில் சொடக்கு எடுப்பதுபோல ஓர் ஒலி. கைப்பிடி சட்டென்று இளகியது. அவ்வளவே. ஒன்றும் பறக்கவில்லை. பிஸ்டன் மரத்துண்டை நோக்கி ஒரு நெல்லின் தடிப்பு அளவுக்கு முன்னே வந்திருந்தது. இருபது அடிகளுக்குள் அது முழுதும் கைக்கு வந்துவிட்டது.

பலர் இங்கே வேலை முடிந்ததென்று எண்ணுகிறார்கள். உப்புத்தாளால் பிஸ்டனைத் தேய்த்து, அதே சீலோடு திரும்பப் பொருத்திவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் அது மீண்டும் பிடிக்கிறது. நோய் பிஸ்டனில் மட்டும் இல்லை, சீல் அமரும் பள்ளத்தில் இருக்கிறது. ஆசான் பழைய சீலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவிக் கொடுத்தார். இரும்பு முனையால் சுரண்டினால் அலுமினியத்தில் வடு விழும். ஒரு முற்பகல் முழுதும் பள்ளத்திலிருந்து வெள்ளைக் காரை உதிர்ந்தது. உள்ளே புகுந்த கிரீஸின் கடைசித் தடம்வரை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்தார்கள். கனிம எண்ணெயில் செய்த கிரீஸ் புதிய ரப்பருக்குப் பகை. மண்ணெண்ணெய் டப்பா அன்று முழுதும் எட்டாத அலமாரியில் இருந்தது.

பிஸ்டனின் வெளிப்பகுதியில் சிறு குழிகள் தென்பட்டன. நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் தடுக்கினால் அந்தப் பிஸ்டன் உதவாது என்பது பட்டறையின் அளவுகோல். தடுக்கியது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் மேலும் மேலும் வெளியே நிற்கும். வெளியே நின்ற பகுதிதான் ஈரத்தில் அரிக்கப்படும். புதிய பேட் போடுவதற்காக அதை உள்ளே தள்ளும்போது, அரிக்கப்பட்ட அப்பகுதி சீலைக் கிழித்துக்கொண்டு போகும். பழைய பிஸ்டனையே அச்சாகக் கொண்டு, துருவேறாத எஃகில் ஒன்றை அதே லேத்தில் கடைந்து வாங்கினார்கள். சீல், பள்ளத்தின் அளவெடுத்துத் தேடப்பட்டது. புதிய திரவத்தில் தோய்த்த சீலுக்குள் புதிய பிஸ்டனை விரல்களாலேயே தள்ள முடிந்தது. கருவி எதுவும் தேவைப்படாமல் உள்ளே போவதே பொருத்தம் சரி என்பதற்குச் சான்று.

காலிப்பரை மாட்டி, திரவம் நிரப்பி, நிப்பிள் வழியாகக் காற்றெடுத்தார்கள். லீவர் இறுகி நின்றது. அவர்கள் அந்த இறுக்கத்தைச் சோதிக்க நின்றுவிடவில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஆசான் கையால் சுழற்றினார், அந்தப் பெண் லீவரை அழுத்தினார், சக்கரம் நின்றது. லீவரை விட்டதும், ஒரு விரலால் தள்ள, சக்கரம் மீண்டும் சுழன்றது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, இருபது முறையேனும் அதையே செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆசான் பார்த்தது சக்கரம் நிற்பதை அன்று. விட்டபின் அது எவ்வளவு தூரம் தானாக ஓடுகிறது என்பதை.

பழுதானது எட்டு ஆண்டுகளில். சீரானது ஐந்து நாள்களில். ஓடாத வண்டி தேயாது என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. எஞ்சினுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பிரேக்கின் திரவமோ வண்டி நிற்கும்போதும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது; ரப்பரோ அசைவின்மையால்தான் ஒட்டிக்கொள்கிறது. நடையில் போர்த்தி வைத்த வேட்டி தூசியைத் தடுத்தது. காற்றின் ஈரத்தை அதனால் தடுக்க முடியவில்லை. அன்போடு வைத்துக்கொள்வதும் பேணுவதும் வேறு வேறு என்பதை அந்தக் காலிப்பர் ஐந்து நாள்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை வண்டியைச் சிறிது உருட்டி லீவரை அழுத்தி விட்டிருந்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குப்பித் திரவம் மாற்றியிருந்தால், இவ்வளவும் நேர்ந்திராது.

கூலியை வாங்கிக்கொண்டபின் ஆசான் ஒரு துண்டு ஒட்டுத்தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினார். திரவம் மாற்றிய தேதியை மாஸ்டர் சிலிண்டரின் மூடிமேல் ஒட்டி வைக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் ஆங்கிலத் தேதியை எழுதினார். அவர் அதைப் பார்த்துவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்.

“அடுத்ததுக்கு அடுத்த கொல்லம், இடவப்பாதிக்கு முந்தி மாத்தணும்னு எழுது. தேதி மறந்துபோவும் மக்களே. மழை மறக்காது.”